நின்றால் சுற்றும் முள்: பிள்ளையோடு ஜியோகேச்சிங் போக எந்த ஜிபிஎஸ்?

ஏழு வயதுப் பிள்ளையோடு ஜியோகேச்சிங் போக எந்தக் கையடக்க ஜிபிஎஸ் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். யாரோ ஒளித்துவைத்து இடத்தை இணையத்தில் அறிவித்த டப்பாவை, அதாவது கேச்சை, ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு அது. மின்னணுத் திசைகாட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. மூன்று வருடமாக இங்கே புழங்குவது திசைகாட்டி இல்லாத ஒன்று. இரண்டு டபுள் ஏ பேட்டரி, கட்டைவிரலால் தள்ளுகிற குட்டி ஜாய்ஸ்டிக், உள்ளங்கையில் அடங்கும் திரை. கீழே விழுந்திருக்கிறது, மழையில் நனைந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. உச்சி வெயிலில் பின்விளக்கு இல்லாமலே திரை பளிச்சென்று தெரியும். போனில் இது நடக்காது. ஆனால் கேச் இருக்கும் பக்கத்தைத் திரையில் காட்டுகிற அந்த முள் படுத்தும் பாடு!

திசைகாட்டி இல்லாத கருவிக்குத் தன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. அடுத்தடுத்த நொடிகளில் இடம் எப்படி மாறுகிறது என்பதை வைத்துத்தான் திசையைக் கணக்குப் போடும். நேராக நடந்துகொண்டே இருந்தால் முள் சரியாகக் காட்டும். நின்றால், ஒன்று கடைசித் திசையிலேயே உறைந்துவிடும், அல்லது ஜிபிஎஸ் புள்ளியின் இரண்டு மூன்று மீட்டர் அலைச்சலையே நடை என்று எடுத்துக்கொண்டு கண்டபடி சுற்றும். பெரியவர்கள் சமாளித்துவிடுவோம். பிள்ளை நடக்கிற விதம் வேறு. பத்தடி ஓடும், நிற்கும், குனிந்து எறும்பைப் பார்க்கும், நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "எந்தப் பக்கம்?" என்று கேட்கும். கேட்கிற அந்த நொடியில்தான் முள் தப்பான பக்கம் காட்டும். அதுவும் கேச்சுக்கு 15 மீட்டர் இருக்கும்போது, ஆர்வம் உச்சியில் இருக்கும்போது. இரண்டு முறை இப்படி ஏமாந்தால் மூன்றாவது முறை பிள்ளை கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

விலை இறங்குகிற நேரத்தில் இதைக் கவனிக்காமல் வாங்கிவிடுகிறோம். கார்மின் ஈட்ரெக்ஸ் வரிசையில் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் திரை அதே 2.2 அங்குலம், உள்நினைவகம் அதே 8 ஜிபி, பேட்டரி நேரம் அதே 25 மணி. 32எக்ஸில் கூடுதலாக இருப்பது மூன்று அச்சுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும்தான். உயரமானி பிள்ளைக்கு எதற்கும் ஆகாது. திசைகாட்டிக்காக மட்டுமே அந்தக் கூடுதல் காசைத் தாராளமாகக் கொடுக்கலாம். 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ கறுப்பு வெள்ளைத் திரை, வரைபடமே கிடையாது, ஆனால் திசைகாட்டி உண்டு. சிறு பிள்ளைக்கு வரைபடம் இல்லாததை நான் குறையாகவே பார்க்கவில்லை. முள்ளும் மீட்டர் எண்ணும் போதும். வரைபடம் இருந்தால் பிள்ளை அதை நகர்த்தி விளையாடிக்கொண்டு தரையைப் பார்க்க மறந்துவிடும்.

திசைகாட்டி இருந்தாலும் வேலை இருக்கிறது. பேட்டரி மாற்றும்போதெல்லாம் அளவுதிருத்தம் செய்ய வேண்டும்: காரையும் இரும்பு வேலியையும் விட்டுத் தள்ளி நின்று, திரை சொல்கிறபடி மூன்று வாட்டத்திலும் மெதுவாகச் சுழற்ற வேண்டும். அவசரமாகச் சுழற்றினால் தோல்வி என்று வரும். காந்த மூடி போட்ட போன் உறை அதே சட்டைப்பையில் இருந்தால் முள் இழுக்கும். இரும்புத் தடுப்பில் ஒட்டவைத்த காந்த நானோ கேச்சின் (விரல்நுனி அளவு டப்பா) பக்கத்தில் எந்தத் திசைகாட்டியையும் நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே திசைகாட்டி இல்லாததை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி. கேச்சுக்கு 25 மீட்டர் இருக்கும்போது பிள்ளையை நிறுத்துங்கள். கருவியை நெஞ்சுக்கு நேரே தட்டையாகப் பிடித்து, பதினைந்து காலடி நிற்காமல் நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். நடக்கும்போதே முள் காட்டுகிற திசையில் தூரத்தில் ஒரு மரத்தையோ பாறையையோ குறித்துக்கொள்ள வேண்டும். நின்ற பிறகு முள்ளைப் பார்க்கவே கூடாது. பிறகு கால் வட்டம் சுற்றிப் போய், முதல் கோட்டுக்குக் குறுக்காக வருகிற மாதிரி இன்னொரு பக்கத்திலிருந்து இதையே செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் ஒரு தொப்பியைப் போட்டுவிட்டு, கருவியை அணைத்துப் பைக்குள் வையுங்கள். அதற்குப் பிறகு கண்ணுக்குத்தான் வேலை.

தொப்பியைச் சுற்றிப் பத்து மீட்டர் தேட வேண்டும். திறந்த வெளியில் நம் கருவிக்கு மூன்று முதல் ஐந்து மீட்டர் பிழை இருக்கும், ஒளித்தவரின் கருவிக்கும் அதே அளவு இருந்திருக்கும். அடர்ந்த மரத்தடியிலும் சுவரோரத்திலும் இன்னும் கூடும், சிக்னல் பட்டுத் திரும்பி வருவதால். இந்த விளையாட்டே பிழை இந்த அளவுக்குக் குறைந்ததால் பிறந்ததுதான். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நிறுத்தியது. மறுநாளே ஓரிகனில் டேவ் உல்மர் என்பவர் முதல் கேச்சாக ஒரு வாளியை ஒளித்துவைத்து அதன் ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) அறிவித்தார். "ஏன் சரியாக அந்த இடத்தையே காட்டவில்லை?" என்று பிள்ளை கேட்கும்போது இதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

பல மாதம் பெட்டியில் கிடந்ததை எடுத்தால், திறந்த வெளியில் வைத்துக் கால் மணி நேரம் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். செயற்கைக்கோள் அட்டவணை முழுதும் இறங்க மட்டும் 12.5 நிமிடம் பிடிக்கும்.

ஜாய்ஸ்டிக்கை அழுத்திப் பிடித்தால் நின்ற இடம் வேபாயிண்டாக, அதாவது திரையில் ஒரு கொடியாக, பதிவாகும். பிள்ளையின் கட்டைவிரல் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். ஒரு காலை நேரம் முடிந்து பார்த்தால் 001, 002, 003 என்று நாற்பது கொடி திரையை அடைத்துக்கொண்டிருக்கும், நடுவில் கேச் எது என்று தெரியாது. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் வழி.

ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அமைப்பில் பேட்டரி வகையை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று மாற்றுங்கள். அது 1.2 வோல்ட், அல்கலைன் 1.5, மாற்றாவிட்டால் பேட்டரி அளவு தப்பாகக் காட்டும். பின்மூடியின் ரப்பர் விளிம்பில் மணல் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டே மூட வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்கிற நீர்ப்புகாத் தரம் மூடி சரியாக உட்கார்ந்தால்தான்.

ஜியோகேச்சிங் தளத்தில் கேச் பட்டியலை மொத்தமாக இறக்குகிற பாக்கெட் கொயரியில் 1000 கேச் வரை இறக்கலாம், ஆனால் பிள்ளையோடு போகும் நாளில் ஐந்தாறு போதும். கேச்சுக்குப் போட்டிருக்கும் கடினம், நிலப்பரப்பு மதிப்பெண்கள் 2க்கு மேல் போகாமல், அளவு ரெகுலர் (பொம்மை வைக்க இடமுள்ள டப்பா) என்று பாருங்கள். ஃபிலிம் டப்பா அளவு மைக்ரோவில் கண்டுபிடித்தவர் பெயரெழுதுகிற லாக் சீட்டு மட்டும்தான் இருக்கும். மாற்றிக்கொள்ள ஒரு பொம்மைகூட இல்லையென்றால் பிள்ளையின் முகம் வாடிவிடும். கையால் ஆயத்தொலைவைப் பதிகிறீர்களென்றால் பாகையும் தசம நிமிடமும் என்ற வடிவமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அட்சரேகையில் 0.001 நிமிடம் என்பது 1.85 மீட்டர். புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கத்தில் ஒன்று பிசகினால் 185 மீட்டர் தள்ளி நின்று தேடிக்கொண்டிருப்போம்.

இவ்வளவு திட்டிய பிறகும் எங்கள் கருவியை மாற்றும் எண்ணம் இல்லை. குறுக்குக் கோடு போடுகிற வேலை பிள்ளைக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. கேச் கிடைப்பதைவிட தொப்பியைப் போடுகிற இடம்தான் முக்கியம் என்று ஆகிவிட்டது. ஆனால் புதிதாக வாங்குகிறவர் பாதி விலைக்குக் கிடைத்தாலும் திசைகாட்டி இல்லாததை எடுக்க வேண்டாம்.