வைரஸ் புகுந்த விண்டோஸ் கணினி: ஸ்கேன் போதுமா, ஃபார்மட் செய்வதா?

கணினி மெதுவாகிவிட்டது என்பதற்காக மட்டும் வைரஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். பழுதாகத் தொடங்கிய ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான் இழுக்கும். பென் டிரைவின் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தாலோ, விண்டோஸுடனேயே வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டர் தானாக அணைந்து மறுபடி இயங்க மறுத்தாலோ, சந்தேகம் நியாயமானது.

நேரம்
ஸ்கேன்: டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனுக்குச் சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் இயங்காத நிலையில் சோதிப்பதால், ஒளிந்துகொள்ளும் நிரல்களையும் அது பிடிக்க வல்லது.
ஃபார்மட்: டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவ, அதன் நிறுவல் கோப்புகளை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுவதில் தொடங்கி, பிரிண்டர் டிரைவர் வரை அரை நாள் போய்விடும்.

செலவு
நாமே செய்தால் இரண்டுக்கும் காசில்லை.

கோப்புகள்
ஸ்கேன்: பெரும்பாலும் தப்பும்.
ஃபார்மட்: பேக்கப் எடுக்காதவை போய்விடும்; எடுக்கும்போது படங்களும் ஆவணங்களும் போதும், பழைய இன்ஸ்டாலர்களை விட்டுவிடுவதே நல்லது.

நம்பகம்
ஸ்கேன்: எதுவும் சிக்கவில்லை என்பதால் எதுவும் இல்லை என்று ஆகாது.
ஃபார்மட்: மிக உறுதியானது. ஆனால் நம் ஊரில் பலர் செய்வதுபோல் சி டிரைவை மட்டும் அழித்து டி டிரைவை அப்படியே விட்டால், வைரஸ் அங்கிருந்தே திரும்பக்கூடும்.

விளம்பரங்கள் குதிப்பது, பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறுவது போன்ற தொல்லைகளுக்கு, பிரவுசரில் சேர்ந்திருக்கும் சந்தேகமான எக்ஸ்டென்ஷனை (துணை நிரலை) நீக்கிவிட்டு ஸ்கேன் செய்தாலே போதும். வங்கிக் கணக்கைப் பயன்படுத்தும் கணினியில் கடவுச்சொல் திருடும் நிரல் சிக்கினால், தயங்காமல் ஃபார்மட் செய்து, கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸான ரான்சம்வேர் பூட்டியவற்றை இரண்டு வழியுமே மீட்காது. ஆயினும் அவற்றைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்து வைத்த பிறகே ஃபார்மட் செய்யுங்கள், ஏனெனில் சில வகைகளுக்குப் பின்னாளில் இலவசத் திறப்புக் கருவிகள் வந்திருக்கின்றன.