நள்ளிரவில் திறக்கும் கடை: ‘மிட்நைட் டைனர்’ தொடரும் ஜப்பானிய நாடகங்களின் ஈர்ப்பும்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து என் மகள் கிருஷ்ணகிரி வந்து சேரும்போது இரவு மணி பன்னிரண்டரை ஆகிவிடும். அவள் கைகால் கழுவித் தட்டின் முன் உட்கார்ந்த பிறகுதான் நான் தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன். அந்த வேளையில் பார்ப்பதற்கென்று அவள் தேர்ந்தெடுத்ததுதான் ‘மிட்நைட் டைனர்: டோக்கியோ ஸ்டோரீஸ்’ என்ற ஜப்பானியத் தொடர். 2016இல் பத்துப் பகுதிகளும் 2019இல் பத்துப் பகுதிகளுமாக வெளிவந்த இதை முழுவதும் பார்த்துவிட்டோம். சில பகுதிகளை இரண்டாம் முறையும் பார்த்தோம். அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, மொழி தெரியாத ஒரு நாட்டின் நாடகம் எப்படி இவ்வளவு நெருக்கமாயிற்று என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

டோக்கியோவின் ஷிஞ்சுகு பகுதியில், நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் திறந்து காலை ஏழு மணிக்கு மூடும் ஒரு சின்னஞ்சிறு சாப்பாட்டுக் கடையில் கதை நடக்கிறது. கடைக்காரரை எல்லாரும் ‘மாஸ்டர்’ என்றே அழைக்கிறார்கள். டீ மாஸ்டரையும் பரோட்டா மாஸ்டரையும் அறிந்த நமக்கு அந்தச் சொல்லில் எந்த அந்நியமும் இல்லை. பன்றி இறைச்சியும் காய்களும் சேர்ந்த ‘தொன்ஜிரு’ என்ற மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்புடன் சாப்பாடு, அதற்கு மேல் மது வகைகள் சில, இவ்வளவே அங்கே எழுதி வைத்திருப்பது. ஆனால் வந்தவர் எதைக் கேட்டாலும், அதற்கு வேண்டிய பொருள் கையில் இருந்தால் மாஸ்டர் செய்து கொடுப்பார். அபே யாரோ என்பவரின் சித்திரக்கதையிலிருந்து 2009இல் ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்த கதை இது; அன்றிலிருந்தே மாஸ்டராக நடிப்பவர் கவோரு கொபயாஷி. அவருடைய கண்ணின் மேல் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்று நாங்கள் பார்த்த இருபது பகுதிகளிலும் யாரும் விளக்கவில்லை, விளக்காததால் குறை எதுவும் தோன்றவும் இல்லை.

ஒரு பகுதிக்கு ஓர் உணவு, அந்த உணவைக் கேட்கும் ஒரு மனிதர் என்பதே தொடரின் அமைப்பு. முதல் பகுதியில் வாடகைக் கார் ஓட்டும் ஒரு பெண், ‘தான்மென்’ என்ற நூடுல்ஸ் உணவை நூடுல்ஸ் இல்லாமல் கேட்கிறாள். அந்தச் சிறிய விருப்பத்தின் பின்னாலிருந்து அவளுடைய பழைய வாழ்க்கை மெல்ல வெளியே வருகிறது. இதை ஒரு மர்மமாக்கி இழுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் காதில் விழும் அளவுக்கே கதை சொல்லப்படுகிறது. மாஸ்டர் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும் ஒரு வரி, இரண்டு வரிதான். எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் லாரி ஓட்டுநர்கள் இறங்கிச் சாப்பிடும் இரவுக் கடைகளில், ஆப்பாயிலைத் திருப்பாமல் எடுத்து வைத்துவிட்டு, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை கரண்டியைக் கீழே வைத்து நிற்கும் மாஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிற்றலை ஒரு நாடகத்தின் மையமாக வைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருப்பதே எனக்குப் பெரிய வியப்பு.

அளவும் ஒரு காரணம். ஒரு பகுதி ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். மூன்று தோசை சாப்பிட்டு முடிக்கும் நேரம். பொதுவாகவே ஜப்பானிய மாலைநேரத் தொடர்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டுக் கணக்கில் தொடங்கி, பத்துப் பதினொரு வாரங்களில் முடிந்துவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் ஓடும் நம் தொடர்களில் எழுதுகிறவருக்கே முடிவு தெரியாது. முடிவை அறிந்து எழுதப்படும் கதையில் முதல் பகுதியில் வைத்த பொருள் கடைசிப் பகுதியில் பயன்படும். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1961 முதல் ஒளிபரப்பிவரும் காலைத் தொடர்கள் தினமும் வருபவை என்றாலும், அவையும் நாளுக்குப் பதினைந்தே நிமிடமாகப் பெரும்பாலும் ஆறு மாதத்தில் நிறைவடைகின்றன. அந்த வரிசையில் 1983 ஏப்ரலில் தொடங்கி விதிவிலக்காக ஓராண்டு, 297 பகுதிகள் ஓடியதுதான் ‘ஓஷின்’. ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக வேலைக்கு அனுப்பப்படும் சிறுமியின் கதை அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பார்க்கப்பட்டது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பெற்றோரைப் பிரிந்து பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். வேற்று நாட்டவர் ஓஷினுக்காக ஏன் அழுதார்கள் என்பது எனக்கு விளங்காத செய்தியன்று.

எனினும், என்னை இந்தத் தொடரோடு கட்டிப்போட்டது மொழிதான். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் எழுதியதையும், மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை என்பதையும் முன்பே படித்திருக்கிறேன். அந்த வழக்கைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. காது கேட்டதை மட்டும் சொல்கிறேன். ஜப்பானியர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘இத்தே கிமாஸ்’ என்கிறார்கள். அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் ‘போய் வருகிறேன்’ என்பதே. திரையின் அடியில் ஓடும் ஆங்கிலமோ ‘கிளம்புகிறேன்’ என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டுப் போகிறது. வாசலில் நின்று ‘போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் பெரியவர்கள் திருத்துகிற வீடுகளில் வளர்ந்த நமக்கு அங்கே எது தொலைகிறது என்று தெரியும். பழக்கமில்லாதவரையும் அண்ணன், அத்தை, மாமா போன்ற உறவுச் சொற்களால் அழைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அதுவும் ஆங்கிலத்தில் காணாமல் போகிறது.

வினைமுற்றின் இடம் இன்னும் முக்கியமானது. ‘தாபேமாஸ்’ என்றால் சாப்பிடுகிறேன், ‘தாபேமாஸென்’ என்றால் சாப்பிடமாட்டேன். நம் மொழியைப் போலவே உடன்பாடும் மறுப்பும் வாக்கியத்தின் வாலில்தான் தெரியவருகின்றன. நல்ல நடிகர் அந்த வாலுக்கு முன்னால் ஒரு நொடி நிற்கிறார். எதிரில் இருப்பவர் அந்த நொடியில் காத்திருக்கிறார். ஆங்கில வரியோ மறுப்பை முன்கூட்டியே எழுதிக் காட்டிவிடுகிறது. எங்கள் வீட்டில் மகள் அந்த வரியைப் படித்து எனக்குத் தமிழில் சொல்வாள்; அவள் தமிழில் வினை மீண்டும் கடைசிக்குப் போய்விடுவதால், நடிகரின் வாயும் அவள் வாயும் பல இடங்களில் ஒன்றாக முடிந்தன. தமிழ்த் துணைவரிகள் இருந்திருந்தால் இந்த இன்பம் எல்லாருக்கும் கிடைத்திருக்கும். நாங்கள் பார்த்த தளத்தில் அவை இல்லை. சந்தா கட்டியும் கிடைக்காத அந்த ஒன்று எனக்கு உண்மையான வருத்தம்.

குறைகளும் உண்டு. நீண்ட கால மனத்தாங்கல்கள் ஒரு கிண்ணம் சூப்பின் முன் சில பகுதிகளில் மிக எளிதாகத் தீர்ந்துவிடுகின்றன. நகைச்சுவைக் காட்சிகளில் நடிப்பு உரக்கப் போய்விடுகிறது. மதுவும் புகையும் மிகுதி என்பதால் சிறு பிள்ளைகளுடன் பார்க்க ஏற்றதன்று.

சமையலைச் சுற்றிய இன்னொரு தொடரான, திரைப்பட இயக்குநர் கொரே-எதா ஹிரோகாசு முன்னின்று உருவாக்கிய ‘தி மகனை’ (ஜப்பானியத்தில் ‘மகனை’ என்றால் சமைத்துப் போடுபவர்) 2023இல் ஒன்பது பகுதிகளாக வந்தது. வட ஜப்பானின் ஆவோமோரியிலிருந்து கியோட்டோவுக்கு வரும் பதினாறு வயதுத் தோழியர் இருவரில் ஒருத்தி நடனக் கலைஞர்களின் விடுதியில் சமையற்காரியாகிறாள். ஒளியும் உணவும் நட்பும் மிக அழகு. ஆனால் பள்ளிப் படிப்பை அந்த வயதில் விட்டுவிட்டு வரும் பெண்பிள்ளைகளைப் பற்றி அத்தொடர் கேட்க வேண்டிய அளவுக்குக் கேள்வி கேட்கவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றுபோன மாணவியரைத் திரும்ப அழைத்துவர எங்கள் மாவட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிய எனக்கு, அந்த மௌனம் உறுத்தியது. அதனால் ‘மிட்நைட் டைனர்’ அளவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜப்பான் என்ற பெயர் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதில்லை. நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லில் காவி ஏறிய பிள்ளைகள் இருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் நீரைக் கொண்டுவந்த திட்டம் ஜப்பானின் கடனுதவியில் நிறைவேறியது. இந்தத் தொடரைப் பார்க்கும் வரை எனக்கு அது தண்ணீர்த் திட்டத்தின் நாடு, மகளுக்கு எந்திரங்களின் நாடு. அந்நாட்டு மனிதர்கள் பசிக்கும்போது எதைக் கேட்பார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

இப்போது 2009இல் வந்த பழைய பகுதிகளைப் பார்க்கிறோம். அதன் இரண்டாம் பகுதியில், புகழ் கிட்டாத ஒரு பாடகி, சூடான சோற்றின் மேல் காய்ந்த மீன் சீவலைத் தூவி, சோயா சாறு ஊற்றிச் சாப்பிடுகிறாள். அதன் பெயர் ‘நேக்கோ மம்மா’. நேக்கோ என்றால் பூனை என்றாள் மகள். மம்மா, குழந்தைக்குச் சோறூட்டும்போது சொல்கிற சொல்லாம். நாம் ‘மம்மு’ என்கிறோம். அன்றிரவு நான் தோசைக்கல்லைப் போடவில்லை. இரண்டு பேருக்கும் சுடுசோறு வடித்து, கருவாட்டை வறுத்து உதிர்த்துப் போட்டேன்.