கிழக்குத் திமோர்: சிட்னியா, ஏதென்ஸா?

ஒலிம்பிக்ஸில் கிழக்குத் திமோரின் உண்மையான அறிமுகம் எது? ஏட்டின்படி 2004, ஏதென்ஸ். 2002 மே 20 அன்று விடுதலை பெற்ற நாடு, சொந்தக் கொடியோடு அணிவகுத்த முதல் ஒலிம்பிக்ஸ் அது. சென்றவர்கள் இருவர் மட்டுமே, இருவரும் மாரத்தான் வீரர்கள்.

ஆனால் என் மனம் 2000, சிட்னியிடமே போகிறது. 1999 வாக்கெடுப்பில் மக்கள் இந்தோனேசியாவிடமிருந்து விடுதலையைத் தேர்ந்தெடுத்ததும் வன்முறை வெடித்து, ஊர்கள் எரிந்தன. ஓராண்டு ஆகியும் ஆறாத அந்தக் காயத்தோடு நால்வர் வந்தார்கள்: மாரத்தானில் இருவர், ஒரு பளுதூக்கும் வீரர், ஒரு குத்துச்சண்டை வீரர். நாட்டின் பெயரும் கொடியும் அவர்களுக்கு இல்லை. ஒலிம்பிக் கொடியின் கீழ் 'தனி வீரர்கள்' என்றே நடந்தார்கள்.

அந்த நால்வரில் ஒருவரான அகிதா அமரால் மாரத்தானில் அரங்கத்துக்குள் நுழைந்ததும் ஓட்டம் முடிந்துவிட்டதென எண்ணி மண்டியிட்டு வணங்கினார். இன்னும் ஒரு சுற்று பாக்கி என்றார்கள். எழுந்து ஓடினார், 43ஆம் இடம்.

ஏதென்ஸிலும் அவர் ஓடினார், இம்முறை சொந்தக் கொடிக்காக. இடம் பின்தங்கியது. அங்கீகாரத்தை ஏதென்ஸ் தந்தது, மறுக்கவில்லை. கொடி கிடைக்கும்வரை காத்திருக்காமல் வந்து நின்ற அந்த நால்வரையே நான் முதல்வர்கள் என்பேன்.