கன்மெட்டல் என்று நம்பி 1,38,768 ரூபாய்க்குப் பித்தளை வாங்கினேன்: இணையத்தில் இங்காட் வாங்குவோர் கவனத்திற்கு

கோவை கணபதியில் சிறிய வார்ப்புப் பட்டறை நடத்துகிறேன். முந்தாநாள் நடந்ததை, கொதிப்பு அடங்காமலேயே எழுதுகிறேன். இணையவழி மொத்த வணிகத் தளம் ஒன்றில் கன்மெட்டல் (செம்போடு வெள்ளீயம் கலந்த உலோகம்) இங்காட், அதாவது உருக்கி வார்ப்பதற்கான கட்டிகள், வாங்கி 1,38,768 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டேன்.

ஹூக்ளி ஆற்றில் ஓடிய பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் ஒன்றைச் சீரமைக்கும் கொல்கத்தா ஒப்பந்ததாரர், அதன் சக்கரங்களுக்கு 96 புஷ் (அச்சாணி உள்ளே அசையும் உலோகக் குழல்) வார்த்துக் கடைந்து தரச் சொல்லியிருந்தார். அந்தச் சக்கரத்தின் பலகைகள் அசையாமல் முடுக்கப்பட்டவை அல்ல. மையம் விலகிய ஒரு வளையத்திலிருந்து வரும் கம்பிகள் ஒவ்வொரு பலகையையும் திருப்பிக்கொண்டே இருப்பதால், அது ஏறத்தாழச் செங்குத்தாக நீரில் இறங்கிச் செங்குத்தாகவே வெளியேறும். அதற்காக பலகையைத் தாங்கும் ஒவ்வொரு அச்சாணியும் தன் புஷ்ஷுக்குள் ஓயாமல் அசைய வேண்டும். எண்ணெய் நிற்காத அந்த இடத்தில் ஆற்று நீர்தான் வழுக்கல். ஆகவே செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 சதவீதம் கொண்ட கன்மெட்டலே வேண்டும், சோதனைச் சான்றிதழும் வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டிருந்தார். ஸ்காட்லாந்தில் 1946-இல் நீரில் இறக்கிய வேவர்லி கப்பலை, 1974-இல் ஆர்வலர்கள் ஒரே ஒரு பவுண்டுக்குப் பெற்றுக் காப்பாற்றினார்கள் என்று படித்த நாளிலிருந்து, அப்படியொரு கப்பலில் என் பட்டறை வார்ப்பும் இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டவன் நான்.

உள்ளூரில் அந்தத் தரத்தில் 120 கிலோ கையிருப்பு இல்லை. தளத்தில், ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்ற பச்சை முத்திரையோடு ஒருவர் கிலோ 980 ரூபாய் என்று போட்டிருந்தார். வரியோடு 1,38,768 ரூபாய். காணொளி அழைப்பில் பேசிய விற்பனை ஊழியர் ஓர் இங்காட்டைக் கையில் புரட்டி, அதில் பொறித்திருந்த உருக்கு எண்ணையும் (ஒரே தடவை உருக்கி வார்த்த கட்டிகளுக்கெல்லாம் இடும் எண்) சான்றிதழில் இருந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிறகு, “நானும் ஈரோட்டுப் பக்கந்தானுங்கண்ணா, நம்மூர்க்காரங்களுக்கு மாத்திக் குடுப்பனுங்களா?” என்றார். அந்த ஒரு சொல்லில் மனம் இளகி, முழுத் தொகையையும் அன்று மாலையே அனுப்பினேன்.

பன்னிரண்டு இங்காட் வந்தன. மேலடுக்கில் இருந்த மூன்றில் ஒன்றைத் துளையிட்டுத் தூளைச் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். தரம் சரியாகவே இருந்தது. அந்த மூன்றையும் உருக்கி 24 புஷ் வார்த்தோம், குறையே இல்லை. அடுத்த உருக்குக்கு அடியிலிருந்து நான்கை எடுத்து மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) போட்டபோது, உலையடியில் நின்ற அண்ணன், “ஏனுங்க, பொகை இப்படி வெள்ளையாப் பொங்குதுங்களே?” என்று கத்தினார். பஞ்சைப் பிய்த்து ஊதியதுபோல வெண்துகள் மேலெழுந்து கூரைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2 சதவீதம் மட்டுமே இருந்தால் இந்தப் புகை வராது. மறுநாள் வந்த அறிக்கையில் செம்பு 61, துத்தநாகம் 36, வெள்ளீயம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் பன்னிரண்டிலும் ஒரே உருக்கு எண்தான் பொறிக்கப்பட்டிருந்தது. உப்பு கலந்த நீரில் இத்தகைய பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் அரித்த கட்டைபோல் உளுத்து நிற்கும். புகையைக் கவனிக்காமல் வார்த்து அனுப்பியிருந்தால், ஆள் ஏறிய கப்பலில் பலகை கழன்றிருக்கும்.

அந்த விற்பனை ஊழியரை அழைத்தேன். “சரக்கு சரியாத்தான் அனுப்புனமுங்கண்ணா” என்றவர், இரண்டாம் முறை “மேனேஜர் லீவு” என்றார். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை. தளத்தின் சேவைப் பிரிவில், சரக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் புகார் செய்யவில்லை என்றார்கள். உருக்காமல் எப்படிய்யா தெரியும் என்று கேட்டதற்கு, உருக்கிய பொருளைத் திருப்பி எடுக்க இயலாது என்று பதில் வந்தது. கடைசியாக, வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே தங்கள் பணி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தப் பச்சை முத்திரை, விற்பவர் ஆண்டுக் கட்டணம் கட்டினால் கிடைப்பது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். 1,38,768 ரூபாய் என் பட்டறையில் இரண்டு மாதக் கூலி.

இங்காட் வாங்குவோர் மேலடுக்கை மட்டும் சோதிக்காதீர்கள், ஒவ்வொன்றிலும் தூள் எடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நான் ஒரு நாள் தாமதித்துத்தான் அழைத்தேன். விரிவாக எழுத எண்ணியிருந்தேன், இப்போது நேரமில்லை. கொல்கத்தாப் பொறியாளர் திங்கட்கிழமை வருகிறார், 72 புஷ் பாக்கி இருக்கிறது, உலையடியில் ஐந்து பித்தளைக் கட்டிகள் கிடக்கின்றன.