11 வருடம் ஓட்டிய சிவிக் டைப் ஆரை விற்ற கதை

2024 மார்ச்சில் என் ஹோண்டா சிவிக் டைப் ஆரை (சிவிக் காரின் வேகமான ரகம்) விற்றேன். எஃப்டி2 மாடல், 2008 பதிவு, வெள்ளை நிறம். 2013-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. சாவியைக் கைமாற்றிய அன்று 203,000. சிங்கப்பூரில் மாடிஃபை செய்த பழைய காரை நல்ல விலைக்கு விற்க முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் நான் எதற்கு விலை கிடைக்கும் என்று நினைத்தேனோ அதற்குக் கிடைக்கவில்லை.

முதலில் காரைப் பற்றி. இரண்டு லிட்டர் கே20ஏ எஞ்சின், டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 8,000 சுற்றில் 225 குதிரைத்திறன். 6,000 சுற்றை நெருங்கும்போது வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் விடெக் வேலை செய்யும், எஞ்சின் சத்தமே வேறாகிவிடும். பதினோரு வருடத்தில் ஒருநாளும் அது எனக்குச் சலிக்கவில்லை. நாலு கதவு இருந்ததால்தான் வீட்டில் சம்மதித்தார்கள். ஆனால் கம்பெனி சஸ்பென்ஷன் கல் மாதிரி இருக்கும். பின்சீட்டில் அம்மாவை உட்காரவைத்து விரைவுச்சாலையில் ஒவ்வொரு இணைப்பையும் கடக்கும்போது எனக்கே வலித்தது. பொதுவாகக் காரை இறுக்கத்தான் காயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த செட்) போடுவார்கள். நான் போட்டது இளக்குவதற்கு. ஓலின்ஸ் கம்பெனியின் காயிலோவர் போட்ட பிறகுதான் அம்மா மறுபடி அந்தக் காரில் ஏறினார்.

அப்புறம் இலகுவான ரிம், அனுமதிச் சான்றிதழோடு எக்ஸாஸ்ட், நல்ல பிரேக் பேட். அவ்வளவுதான், எஞ்சினுக்குள் கை வைக்கவில்லை. ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் ஆயில் மாற்றினேன். வருடத்தில் இரண்டு மூன்று முறை விடியற்காலையில் துவாஸ் எல்லை வழியாகக் கிளம்பி மலேசியாவின் செப்பாங் ரேஸ் டிராக்குக்குப் போவேன். இந்த எஞ்சினை மேல் சுற்றிலேயே ஓட்டினால் ஆயில் குறையும். அதனால் டிராக் நாளில் ஒவ்வொரு முறை ஓட்டிவிட்டு உள்ளே வரும்போதும் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். எஞ்சின் மவுண்ட் இரண்டு தடவை போனது, முன் லோயர் ஆர்ம் புஷ் ஒரு தடவை. ஒரு பட்டறையில் தவறான கியர் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். மூன்றாவது கியர் கரகரக்க ஆரம்பித்து, கடைசியில் கியர்பாக்ஸைப் பிரித்து, கியர் சுலபமாக விழ உதவும் சின்க்ரோவை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ரசீதையும் ஃபைலில் வைத்தேன்.

2018-ல் சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கப் பத்து வருடத்துக்குத் தரும் உரிமைச் சான்றிதழ், முடிந்தது. பத்து வருடத்துக்குப் புதுப்பித்தால் ஸ்கிராப் செய்யும்போது கிடைக்கும் பார்ஃப் தொகை போய்விடும், சாலை வரியும் வருடா வருடம் ஏறி 50 சதவீதம் வரை கூடும். வீட்டில் நிறையப் பேசித்தான் புதுப்பித்தோம். 2023 அக்டோபரில் பெரிய எஞ்சின் கார்களுக்கான 'பி' பிரிவு சிஓஇ 150,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தொட்டபோது, என் காரில் மீதமிருந்த வருடங்களுக்கே தனி மதிப்பு வந்துவிட்டது. இது அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் தாழ்வாக இருக்கும் கார் சரிப்படவில்லை. விற்க முடிவு செய்தேன். முதலில் பார்த்த இரண்டு டீலர்களும் மீதி சிஓஇ-யைக் கணக்குப் போட்டு, அதற்குமேல் கொஞ்சம் சொன்னார்கள். ஓலின்ஸுக்கும் ரிம்முக்கும் ஒரு வெள்ளிகூடக் கூட்டவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் சொன்னது நியாயம்தான். எனக்குப் பிடித்துப் போட்டதற்கு இன்னொருவர் ஏன் காசு தர வேண்டும்? நேரடியாக விற்பது என்று முடிவெடுத்தேன்.

பார்க்க வந்தவர்களில் ஒருவர் எஞ்சின் சூடாகும் முன்பே 7,000 சுற்றுக்கு மிதித்தார். அங்கேயே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். அவர் எவ்வளவு கொடுத்தாலும் கொடுக்க மனமில்லை.

வாங்கியது ஒரு மலாய் இளைஞர். அப்பாவையும் அழைத்து வந்திருந்தார். அந்தப் பெரியவர் ஒரு காலத்தில் பழைய மாடலான இகே9 டைப் ஆர் வைத்திருந்தவராம். டார்ச் அடித்து அடியில் பார்த்தார், பிறகு ரசீது ஃபைலை எடுத்து அரைமணி நேரம் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். செப்பாங் போனதையும் கியர்பாக்ஸ் பிரித்ததையும் அவர் கேட்கும் முன் நானே சொன்னேன். எஞ்சின் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கும் அவர்கள் விரும்பிய இடத்துக்கே போனோம். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின.

விலையை உறுதியாக்கியது என் ஸ்டோர் ரூமில் இருந்த பெட்டிகள்தான். கழற்றிய ஒரிஜினல் எக்ஸாஸ்ட், ஷாக் அப்சார்பர், ரிம் எல்லாம் எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருந்தேன். இந்த மாடலுக்கு இப்போது ஒரிஜினல் பாகம் கிடைப்பது கஷ்டம், பத்து வருடம் தாண்டிய காருக்கு வருடா வருடம் இன்ஸ்பெக்ஷன் வேறு. டீலர் சொன்னதைவிட நல்ல தொகை கொடுத்தார்கள், நானும் கொஞ்சம் இறங்கி வந்தேன்.

அரசின் ஆன்லைன் அடையாளச் சேவையான சிங்பாஸில் இருவரும் உறுதிசெய்ததும் உரிமையாளர் பெயர் மாறிவிட்டது, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டிகளை ஏற்றிய பிறகு பையனிடம், காலையில் முதல் பத்து நிமிடம் மூன்றாவது கியரை அவசரப்படுத்த வேண்டாம் என்று சொன்னேன். அவர் அப்பாதான் முதலில் தலையாட்டினார்.