நோக் என்ற பையனைப் பிடித்துப்போக எனக்கு ஏழு வருடம் ஆனது

ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன் என்ற அமெரிக்க டிவி தொடரை இதுவரை மூன்று தடவை தொடங்கியிருக்கிறேன். 2013-இல் மதுரையில் படித்துக்கொண்டிருந்த நண்பன் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தான், எட்டு எபிசோடு பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். 2020 ஊரடங்கில் மறுபடி முதலிலிருந்து பிடித்துக் கடைசிவரை பார்த்தேன். இப்போது என் அக்கா மகனோடு மூன்றாவது சுற்று, இரண்டு மீன்பிடித் தடைக்காலமாக ஓடுகிறது. நான் பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நாட்களில் எங்களுக்கு ஐஸ் ஓட்டம் குறைவு, சாயங்காலம் சீக்கிரம் வீடு வந்துவிடலாம். பாலிடெக்னிக் படிக்கிற அவனுக்கும் அப்போது லீவு.

முதல் தடவை ஏன் விட்டேன் என்றால், அதில் வருகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேரை எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் கதை நடக்கிற இடம் பிடித்திருந்தது. பெஜோர் என்ற கிரகத்தை கார்டேசியர்கள் பல பத்தாண்டு ஆக்கிரமித்துச் சுரண்டிவிட்டுப் போன பிறகு, அவர்கள் விட்டுப்போன பழைய விண்வெளி நிலையத்தை ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிப் படையினரும் பெஜோர்க்காரர்களும் சேர்ந்து பழுதுபார்த்து நடத்துகிறார்கள், அதுதான் களம். கப்பல் ஊர் ஊராகப் போகாது, ஒரே இடத்தில் நின்று வருகிறவர் போகிறவரைப் பார்க்கிற கதை. படகு வந்து நிற்கிற ஜெட்டியில் வேலை செய்கிறவனுக்கு அது உடனே புரிந்துவிடும். ஆனால் ஆட்கள்! (இனிமேல் கதை முழுக்கச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

முதலில் டாக்டர் பஷீர். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் என்று எங்கே போனாலும் காதில் விழுகிற பெயர், விண்வெளியில் ஒரு பஷீரா என்று ஆசையாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன். சூடானில் பிறந்த சித்திக் எல் ஃபாதில் நடித்த பாத்திரம் அது, பிறகு அலெக்சாண்டர் சித்திக் என்று பெயரை மாற்றிக்கொண்டார். வந்த முதல் நாளே அந்த டாக்டர், இந்த மாதிரி நாகரிகம் எட்டாத காட்டில்தான் வீரர்கள் உருவாவார்கள் என்று கண்கள் மின்னப் பேசுகிறார், பேசுவது அந்த மண்ணுக்குச் சொந்தக்காரியான கீராவிடம். நீ காடு என்று சொல்வது என் வீடு என்று கீரா திருப்பிக் கொடுப்பாள். எங்கள் பக்கம் மீனவர் வாழ்க்கையை ஆராய வருகிற சிலர் இப்படித்தான் பேசுவார்கள், அதனால் எனக்கு அப்போதே ஆகாமல் போய்விட்டது.

அந்த பஷீர் மாறுவது ஒரே எபிசோடில் இல்லை. இரண்டாம் சீசனில் ஓபிரையன் என்ற இன்ஜினியரோடு ஒரு பாழடைந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார். ஓபிரையனுக்கும் அவரைப் பிடிக்காது, நமக்குப் பதிலாக அவரே கதைக்குள் இருந்து எரிச்சல்படுவார், அது பெரிய ஆறுதல். அங்கே ஓபிரையன் சாகக் கிடக்க, பஷீர் விட்டுப் போகாமல் கூடவே இருப்பார். அதற்கப்புறம் இருவரும் சாயங்காலம் ஆனால் சின்ன அம்பு எறிகிற டார்ட்ஸ் விளையாட்டுக்கு உட்கார்ந்துவிடுவார்கள், மூன்று நான்கு வருடத்தில் அது அண்ணன் தம்பி உறவாகிவிடுகிறது. ஐந்தாம் சீசனில் இன்னொன்று தெரியவரும்: சின்ன வயதில் படிப்பு ஏறாத பிள்ளை என்று அவருடைய அப்பா அம்மாவே சட்டத்துக்கு விரோதமாக மரபணுவை மாற்றிவிட்டார்கள், அதை அத்தனை நாளும் மறைத்து வைத்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி முதல் சீசனைப் பார்த்தால் அந்தப் பீற்றல் வேறு மாதிரி கேட்கிறது. மூன்றாவது சுற்றில்தான் எனக்கு அது உறைத்தது.

கீராவை ஏன் பிடிக்காமல் போனது என்று இப்போது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆயுதம் எடுத்துப் போராடியவள், இப்போது நிலையத்தில் இரண்டாம் அதிகாரி. எதற்கெடுத்தாலும் சத்தம், எல்லோர் மீதும் சந்தேகம். எதற்கு இந்தச் சிடுசிடுப்பு என்று 2013-இல் சலித்துக்கொண்டேன். அப்போது நான் முதல் சீசனின் 19-ஆவது எபிசோடு வரை போகவில்லை. அதன் பெயர் டூயட். கார்டேசியன் ஒருவன் நிலையத்துக்கு வருகிறான், எத்தனையோ கொலை செய்த முகாம் தளபதி நான்தான் என்று திமிராகச் சொல்லிக்கொள்கிறான். விசாரிக்க விசாரிக்கத் தெரிகிறது, அவன் தளபதி இல்லை, அந்த முகாமில் இருந்த சாதாரண எழுத்தர். இரவெல்லாம் அலறல் கேட்டு, காதைப் பொத்திக்கொண்டு, எதுவும் செய்யாமல் இருந்தவன். தன் இனம் செய்ததை ஒப்புக்கொள்ள ஒருவனாவது தண்டனை அடைய வேண்டும் என்று தளபதி வேஷம் போட்டு வந்திருக்கிறான். அவனைத் தூக்கில் போடத் துடித்த கீராவே கடைசியில் அவனை ஊருக்கு அனுப்பி வைக்கப் போகும்போது, வழியில் ஒரு பெஜோர்க்காரன் கத்தியால் குத்திவிடுகிறான். கார்டேசியன் என்பதே போதும் என்கிறான். கீரா இல்லை, போதாது என்கிறாள். பெரும்பாலும் ஒரு அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற எபிசோடு அது. நான் பார்த்த டிவி தொடர்களில் அதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது.

மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த நண்பன் ஒருவன் என்னோடு அதைப் பார்த்தான். முடிந்ததும் எதுவும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு வாரம் கழித்து வந்து, "அந்தப் பொண்ணு வர்றது மிச்சம் எத்தனை இருக்கு?" என்று கேட்டான். அவன் கீராவைச் சிடுமூஞ்சி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சரி, நோக்கிற்கு வருகிறேன்.

ஃபெரெங்கிகள் என்று ஒரு இனம், பெரிய காது, கூர்ப்பல், எல்லாவற்றையும் லாபக் கணக்கில் பார்க்கிறவர்கள். நிலையத்தில் மதுக்கடை வைத்திருக்கிற குவார்க்கை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கும், கரையில் மீன் ஏலம் எடுக்கிற ஆட்களோடு பழகியவனுக்கு அவன் புதிய ஆள் இல்லை. அவனுடைய தம்பி ரோம், கடையில் எடுபிடி. ரோமின் மகன் நோக். முதல் எபிசோடிலேயே திருடி மாட்டுகிறான். நிலையத்தின் தளபதி சிஸ்கோவின் மகன் ஜேக்கைக் கெடுக்க வந்தவன் போலத் திரிகிறான், கீச்சுக் குரல், போக்கிரித்தனம். அவன் வரும்போதெல்லாம் நான் ஓட்டிவிட்டுப் பார்த்தேன். அதே சீசனிலேயே கொஞ்சம் தள்ளி ஓர் இடம் இருக்கிறது, ஓட்டிவிட்டுப் பார்க்கிறவனுக்கு அது கிடைக்காது: மகன் எங்கே சுற்றுகிறான் என்று தேடிப் போகிற தளபதி சிஸ்கோ, ஜேக் ரகசியமாக நோக்கிற்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிவிடுவார்.

மூன்றாம் சீசனில் நோக் சிஸ்கோவிடம் ஒரு பை நிறையக் காசைக் கொண்டுவந்து வைத்து, நான் ஸ்டார்ஃப்ளீட் அகாடமியில் சேர வேண்டும், சிபாரிசுக் கடிதம் கொடுங்கள் என்பான். எல்லோரும் ஏதோ தில்லுமுல்லு என்றுதான் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். சரக்கறையைக் கணக்கெடுக்கச் சொல்லி சிஸ்கோ சோதிப்பார், ராத்திரியோடு ராத்திரியாக ஒன்று விடாமல் எடுத்துக் கொடுப்பான். அப்போதும் நம்பாமல் ஏன் ஏன் என்று குடைவார். கடைசியில் அந்தப் பயல் வெடித்துவிடுவான். என் அப்பா எந்த இயந்திரத்தையும் சரிசெய்யத் தெரிந்தவர், ஒரு கப்பலுக்கே தலைமை இன்ஜினியராக இருக்க வேண்டியவர், ஆனால் என் பெரியப்பாவுக்குக் கீழே காலமெல்லாம் எடுபிடியாக இருந்துவிட்டார், அவரைப் போல ஆக மாட்டேன். இதுதான் சாரம்.

2020-இல் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். என் அப்பா விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். படகு ஜெட்டிக்கு வருகிற சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டரில் தொந்தரவு என்று சொல்வார், நான் சின்ன வயதில் பந்தயம் கட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டறை பெரியப்பாவுடையது. பெயர் பெரியப்பாவுக்கு, சனிக்கிழமை கூலி அப்பாவுக்கு, படகுக்காரர்கள் முன்னாலேயே திட்டு வேறு. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. நான் ஸ்பானர் பக்கமே போகாமல் கணக்கு எழுதப் போனதற்கு அதுதான் காரணம், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காது பெரிதாக ஒட்டவைத்த ஒரு பையன் அதை வேறு மொழியில் என் எதிரில் நின்று சொல்கிறான். ஏழு வருடம் முன்னால் இவனையா ஓட்டிவிட்டுப் பார்த்தேன் என்று இருந்தது.

அதற்குப் பிறகு ரோமையும் கவனிக்க ஆரம்பித்தேன். முதல் சீசனில் அண்ணனையே கொல்லப் பார்க்கிற ஆளாக ஒரு எபிசோடில் வருவார், அப்புறம் வெள்ளந்தியான மனிதராக மாறிவிடுவார், அதற்குத் தொடர் காரணம் எதுவும் சொல்லாது. அது எழுத்தில் இருக்கிற குறைதான். ஆனால் நான்காம் சீசனில் உடம்பு சரியில்லாதபோதும் லீவு கிடைக்காமல் கடைசியில் சங்கம் வைக்கிறார், ஐந்தாம் சீசன் முடிவில் போர் மூளும்போது எதிரியின் வழியை அடைக்கிற யோசனை அவரிடமிருந்துதான் வருகிறது. மக்ஸ் க்ரோடென்சிக் அந்தப் பாத்திரத்தைக் கேலிப்பொருளாக விட்டுவிடாமல் காப்பாற்றியிருக்கிறார்.

நோக் ஏழாம் சீசனில் போர்முனையில் ஒரு காலை இழக்கிறான். அதைவிட, ஒரு எபிசோடு தள்ளி வருகிற எபிசோடு முக்கியம். புதுக் கால் பொருத்திவிட்டார்கள், டாக்டர் எல்லாம் சரி என்கிறார், இவனுக்கு வலிக்கிறது. குவார்க்கின் கடையில் இருக்கிற ஒரு மாயத்தோற்ற அறைக்குள், 1962 லாஸ் வேகாஸ் பாட்டு விடுதியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறான். எனக்கே இப்படி ஆகிவிட்டது என்றால் இனி எது வேண்டுமானாலும் ஆகலாம் என்று அழுவான். எங்கள் தெருவில் ஒருவர், வலை இழுக்கும்போது வின்சில் கை மாட்டி இரண்டு விரல் போனவர். புண் ஆறியும் ஒன்றரை வருடம் படகில் ஏறவில்லை. சோம்பேறி என்றார்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்லியிருக்கிறேன். இந்த எபிசோடு பார்த்த பிறகு அவரிடம் போய் உட்கார்ந்து பேசினேன். கடல் பயமில்லை, அந்தக் கயிறு இறுகுகிற சத்தம்தான் என்றார். ஏரன் ஐசன்பெர்க் என்ற அந்த நடிகர் 2019-இல் இறந்துவிட்டார். படைவீரர்கள் பலர் இந்த எபிசோடுக்காகத் தனக்கு நன்றி சொன்னதாக அவரே பேசியிருக்கிறார்.

பிடிக்காத ஆளைப் பிடிக்க வைப்பது எப்போதும் நல்லதா என்றால், இல்லை. டுக்காட் இருக்கிறான். பெஜோரை ஆண்ட கார்டேசிய அதிகாரி. மார்க் அலாய்மோ அவ்வளவு கம்பீரமாக நடிப்பார், மகள் மீது பாசம் வேறு, நான்காம் சீசனில் நானே திருந்திவிட்டான் என்று நம்பிவிட்டேன். ஆறாம் சீசனில் அவனும் சிஸ்கோவும் தனியாக ஒரு கிரகத்தில் மாட்டிக்கொள்ளும்போது, பெஜோர்க்காரர்களை ஒருவர் விடாமல் கொன்றிருக்க வேண்டும் என்று அவன் வாயாலேயே வரும். நம் மனசு எவ்வளவு சுலபமாக வழுக்கியது என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அதே சமயம் அவனுக்குக் கீழே இருந்த டமார், வெறுக்கத்தக்க காரியங்களைச் செய்தவன், கடைசியில் தன் குடும்பத்தையே கூட்டாளிகள் கொன்றபோது, இப்படிக் கட்டளை போடுகிறவர்கள் என்ன மனிதர்கள் என்று கேட்பான், கீரா அதே கேள்வியை அவனிடம் திருப்பிக் கேட்பாள். அந்த இடத்திலிருந்து அவன் மாறுகிறான், அந்த மாற்றத்தை நான் நம்புகிறேன். பெஜோரின் மதத் தலைவி வின்னை, அவள் வருகிறவரை பார்த்த இரண்டு சுற்றிலும் எனக்குப் பிடிக்கவே இல்லை, லூயிஸ் ஃப்ளெட்சரின் நடிப்பை மட்டும் பிடிக்கும்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: 1993 முதல் 1999 வரை வந்தது, ஏழு சீசன், 170 எபிசோடுக்கு மேல், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். ஃபிலிமில் எடுத்து வீடியோ டேப்பில் முடித்த தொடர், பெரிய டிவியில் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், சின்னத் திரையே நல்லது. முதல் சீசன் பாதிக்குமேல் இழுவை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் டூயட் வராமல் விட்டுவிடாதீர்கள்.

அக்கா மகன் என்னைப் போல இல்லை, அவனுக்கு நோக்கை முதல் நாளே பிடித்துவிட்டது, பஷீரை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான். போன வாரம் ஐந்தாம் சீசன் கடைசி எபிசோடு ஓடிக்கொண்டிருந்தது. தடைக்காலத்தில் படகெல்லாம் மராமத்துக்குக் கரையேறும், அப்பாவுக்கு அப்போதுதான் வேலை நெருக்கடி, கிரீஸ் கையோடு வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். ரோம் தன் யோசனையைச் சொல்கிற இடம்: ஒரு கண்ணிவெடி வெடித்தால் பக்கத்தில் இருப்பது அதற்குப் பதில் இன்னொன்றைத் தானே செய்துகொள்ளும்.

"இவன் யாரு?" என்றார்.

"மெக்கானிக் தாத்தா. முன்னாடி அவங்க அண்ணன் கடையில வேலை பார்த்தாரு."

கொஞ்ச நேரம் பார்த்தார். "அது சரி, தானே செஞ்சுக்கும்னா அதுக்குச் சாமான் எங்கேருந்து வரும்?"

"தெரியல தாத்தா. மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியவில்லை. அப்பா கையைக்கூடக் கழுவாமல், அந்த எபிசோடு முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.