நெல்லையிலிருந்து அரைநாள் அருவிப் பயணம்: குற்றாலமா, அகத்தியர் அருவியா, மணிமுத்தாறா?

காலையில் திருநெல்வேலியிலிருந்து கிளம்பி, அருவியில் குளித்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஊர் திரும்ப விரும்புவோர் மூன்று இடங்களைத்தான் பெரும்பாலும் யோசிப்பார்கள்: குற்றாலம், பாபநாசத்துக்கு மேலுள்ள அகத்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி. மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில்தான் இருக்கின்றன என்றாலும், அவற்றுக்குத் தண்ணீர் வரும் காலமும் வழியும் வேறுவேறு என்பதால், எது அழகு என்று பார்ப்பதற்கு முன் எந்த மாதத்தில் போகிறோம் என்று பார்ப்பது நல்லது.

குற்றாலம் தென்மேற்குப் பருவமழையின் பிள்ளை. செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் மேகங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலைத் தூவ, அந்த மழையால் சிற்றாறு பெருகி அருவிகளில் விழுகிறது. பேரருவி நேராகத் தலையில் இறங்காமல் நடுவிலுள்ள பொங்குமாக்கடல் என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான், அத்தனை உயரத்திலிருந்து வரும் நீரின் கீழே மனிதர்களால் நிற்க முடிகிறது. வனச் சோதனைச் சாவடி எதையும் கடக்காமல் பேரருவிக்குப் போய்விடலாம். பேருந்து வசதிக்கும் குறைவில்லை. ஆனால் சீசன் காலத்து ஞாயிற்றுக்கிழமையில், சுமார் 60 கிலோமீட்டர் பயணத்துக்கு ஆகும் நேரத்தைவிட வண்டியை நிறுத்த இடம் தேடி, வரிசையில் நின்று, உடை மாற்றுவதற்கு ஆகும் நேரமே கூடிவிடக்கூடும். கடைத்தெருவின் நடுவே காட்டைத் தேடுபவருக்கு இங்கே ஏமாற்றம்தான். ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டு திரும்புவதில் மகிழ்பவருக்கு அது குறையே அல்ல.

அகத்தியர் அருவியின் பலம், மாதம் பார்க்காமல் போகலாம் என்பதுதான். இரு பருவமழைகளிலும் நீர் பெறும் தாமிரபரணி இங்கே அருவியாக விழுகிறது. மேலே பாபநாசம் அணையும் இருப்பதால், குற்றாலப் பாறைகள் காய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களிலும் இங்கே குளிக்க முடிகிறது. அம்பாசமுத்திரம் வரை ரயிலிலும், அங்கிருந்து பாபநாசத்துக்குப் பேருந்திலும் போகலாம். அதன் பின் கோயிலைத் தாண்டிச் சில கிலோமீட்டர் மலைச்சாலை. இது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக், மது, சோப்பு, ஷாம்பு போன்றவற்றை முன்னதாகவே வீட்டில் விட்டுவருவது நேரத்தை மிச்சப்படுத்தும். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டபடி நடப்பவரைக் குரங்குகள் விடுவதில்லை. ஆடி அமாவாசையை ஒட்டி, இதே சாலையில் மேலே உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் செல்லும் நாட்களில் மட்டும் அரைநாள் பயணம் என்ற எண்ணத்தையே கைவிட வேண்டும்.

மணிமுத்தாறு மூன்றிலும் அமைதியானது, ஆனால் நம்பி ஏமாறக்கூடியதும் அதுவே. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்கு மேலே, மாஞ்சோலைக்குப் போகும் சாலையில், புலிகள் காப்பகத்துக்குள் இந்த அருவி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையை அதிகம் நம்பிய ஆறு என்பதால், அக்டோபருக்குப் பிறகு நீர் பெருகி, ஜனவரி வாக்கில் குளிக்கத் தோதாக இருக்கும். மழை ஓங்கிய நாட்களிலோ வனத்துறை குளிக்கத் தடை விதித்துவிடும். அருவியின் உயரம் அதிகமில்லை; ஆனால் அது விழும் தடாகம் ஆழமானது, ஆகவே கம்பித் தடுப்பைத் தாண்டி நீந்தலாம் என்ற ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. மேலே செல்லும் பேருந்துகள் குறைவு என்பதால், சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாதவர் இதை அரைநாளுக்குள் முடிப்பது கடினம்.

ஆபத்தைப் பொறுத்தவரை குற்றாலத்தைத்தான் கூடுதல் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். மலையில் பெய்யும் மழை சிறிது நேரத்திலேயே வெள்ளமாக இறங்கிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. கீழே வெயில் அடிக்கிறது என்பதை வைத்து மேலே மழையில்லை என்று முடிவு செய்யக் கூடாது. காவலர் வெளியேறச் சொன்னால் அடுத்த நொடி வெளியேற வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதுவும் வார நாளில் போக முடிந்தால், என் தேர்வு குற்றாலம். ஜனவரியில், வண்டி இருந்தால் மணிமுத்தாறு. மற்ற எந்த மாதமானாலும், முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தாலும் அகத்தியர் அருவிக்கே போவேன். அகத்தியர் அருவியும் மணிமுத்தாறும் அருகருகே இருப்பதால் இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டு சாவடிகளிலும் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் எதிலும் நிம்மதியாகக் குளிக்க முடியாது. வெள்ளத்தாலோ விலங்குகள் கணக்கெடுப்பாலோ காப்பகத்தின் வாயில் மூடியிருந்தால், பாபநாசநாதரைத் தரிசித்துவிட்டு, ஆற்றில் நீர் மட்டாக இருந்தால் கோயில் படித்துறையில் குளித்துத் திரும்பலாம்.